கோபம், பயம், "நான் சொன்னதுதான் சரி": அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து ஊர்க் கூட்டங்களிலும் மாதர் சங்கங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும் கோபத்தைப் பற்றிக் கதை எழும்போது ஒரே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதியிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி எழுதப்பட்டவை. முதல் நான்கையும் வாசித்துவிட்டு மேலே போங்கள்.

1. கோவம் வராமலே இருக்கிறதுக்கு ஏதும் வழி இருக்கோ?

இல்லை, தேவையும் இல்லை. பிள்ளைக்கு ஆபத்து வரும்போதும் ஒருவர் உங்களை ஏமாற்றும்போதும் கோபம் வரத்தான் வேண்டும்.

இங்கே பேசப்போவது, விசயம் ஒரு சாணாக இருக்கச் சண்டை ஒரு முழமாக வளர்கிற கோபத்தை. தேத்தண்ணிக்குச் சீனி குறைந்ததற்குக் கோப்பை பறக்கிறது. கூட்டத்தில் ஒருவர் கணக்கைத் திருத்தியதற்கு ஆறு மாதம் கதை பேச்சில்லை. அப்படி அளவு மீறிய இடத்தைக் கிண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் ஒரு பயம் கிடக்கும். அதோடு ஒட்டிக்கொண்டு "நான் இன்னார்" என்ற நினைப்பும் கிடக்கும்.

2. எனக்கு ஒருத்தருக்கும் பயமில்லை. கோவம் மட்டும்தான் வருது. பிறகேன் பயம் எண்டு சொல்லுறியள்?

உடம்புக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆபத்தைக் கண்டதும் உடல் "எதிர்த்து நில் அல்லது ஓடு" என்று தயாராவதை அமெரிக்க உடலியலாளர் வோல்டர் கனன் 1915இல் விளக்கினார். சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அதிரினலினை விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. பயந்தவருக்கும் கோபித்தவருக்கும் இதுதான் நடக்கிறது. ஆனால் பயம் ஆளைச் சின்னதாக உணரவைக்கும். கோபம் பெரிதாக உணரவைக்கும். அதனால் பயம் வந்த மறுகணமே மனம் அதைக் கோபமாக மாற்றிக்கொள்கிறது. வாய்க்கு வந்து சேர்வது கோபம் மட்டும்.

ரியூசனுக்குப் போன மகள் ஐந்தரைக்கு வரவேண்டியவள். ஆறே முக்கால் ஆகிறது, இருட்டிவிட்டது. ஏ9 வீதியில் மணல் ரிப்பர்கள் ஓடுகிற நேரம். தகப்பன் படலைக்கும் ஒழுங்கைக்கும் நாலு தரம் நடந்துவிட்டார். சைக்கிள் திரும்பும் சத்தம் கேட்டதும் அவர் வாயில் வருவது "எங்கை சுத்திப்போட்டு வாறாய்?" மகளுக்குக் கேட்பது சந்தேகம். அவர் அந்த ஒன்றேகால் மணித்தியாலமும் கண்டுகொண்டிருந்ததோ, வீதியோரம் நசிந்து கிடக்கும் ஒரு சைக்கிளை. "பயந்துபோனன் பிள்ளை" என்ற ஒரு வசனத்தை முதலில் சொல்லியிருந்தால், ஏன் பிந்தியது என்ற கேள்விக்கும் உண்மையான பதில் கிடைத்திருக்கும்.

3. ஈகோ எண்டால் தடிப்புத்தானே? நான் அப்பிடி எடுப்பான ஆள் இல்லை.

தடிப்பு அதன் ஒரு முகம் மட்டுமே. ஈகோ என்று இங்கே சொல்வது, உங்களைப் பற்றி நீங்களே மனதில் மாட்டி வைத்திருக்கும் படத்தை. "கமம் தெரிஞ்சவன்", "ஆரிட்டையும் கைநீட்டாதவள்", "பிள்ளையளை ஒழுங்கா வளர்த்தவள்", "இயக்கக் காலத்திலேயே நேர்மையா நிண்டவன்". அடக்கமான ஆளுக்கும் "நான் அடக்கமானவன்" என்று ஒரு படம் உண்டு. அதில் கல் பட்டாலும் உடையும்.

பலருக்குப் போர் முடிந்த 2009க்குள் வீடு, மாடு, உழவு இயந்திரம், நகை, தொழில், ஊரில் இருந்த இடம் எல்லாமே போய்விட்டன. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் சாப்பாட்டு வரிசையில் நின்றவர் முன்பு பத்துப் பேருக்கு வேலை கொடுத்தவராக இருந்திருப்பார். கையில் எஞ்சியது அந்தப் படம் ஒன்றுதான் என்றால், அதைக் கட்டிப்பிடித்துக் காப்பதில் வியப்பேதும் இல்லை. வெளியில் நின்று "ஈகோ பிடிச்ச மனிசன்" என்று சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஆய்வுகளும் இதன் பக்கத்தில்தான் வந்து நிற்கின்றன. 1998இல் பிராட் புஷ்மன், ரோய் பௌமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களைக் கட்டுரை எழுதவைத்து, அதைக் கடுமையாக மட்டம் தட்டினார்கள். பிறகு மட்டம் தட்டியவருக்கு இரைச்சல் ஒலி கொடுத்துத் தண்டிக்க இடம் கொடுத்தார்கள். அதிகமாகத் தண்டித்தவர்கள் தங்களைப் பற்றி ஊதிப்பெருத்த படம் வைத்திருந்து, அது குத்தப்பட்டவர்கள். சாதாரணத் தன்மதிப்புக்கும் தண்டித்த அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை.

4. நான் சொன்னது சரியெண்டால் சரிதானே. அதிலை ஏன் விட்டுக்குடுக்கோணும்?

சரியாக இருப்பதும் சரியாக இருந்தே ஆகவேண்டும் என்ற தவிப்பும் வேறுவேறு. முதலாவது விசயத்தைப் பற்றியது. இரண்டாவது மேலே சொன்ன படத்தைப் பற்றியது. தான் பிடிச்ச முயலுக்கு மூன்று கால் என்பவர் முயலின் காலை எண்ணிப் பார்த்தவர் அல்லர். லியோன் பெஸ்ரிங்கர் 1957இல் எழுதிய மனமுரண்பாட்டுக் கோட்பாடு சொல்வதும் இதுதான்: நம் நடத்தையோடு பொருந்தாத ஓர் உண்மை எதிரே வந்தால் மனம் நோகிறது, அந்த நோவைக் குறைக்க நம்மைத் திருத்துவதைவிட உண்மையை வளைப்பது சுலபமாக இருக்கிறது.

தவிப்பு தொடங்கிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் வாதம் நடக்கிறது என்று வையுங்கள். நீங்கள் கூட்டச் சொல்கிறீர்கள், மற்றவர் குறைக்கச் சொல்கிறார். குளத்து நீர்மட்டக் கணக்கு வருகிறது. அவர் சொன்னதுதான் சரி. "நல்லகாலம், பயிர் காயாமல் தப்பிச்சுது" என்று தோன்றினால் நீங்கள் தண்ணீரைப் பற்றித்தான் கதைத்திருக்கிறீர்கள். எரிச்சல் வந்தால், கணக்கு எழுதியவரில் பிழை தேடத் தொடங்கினால், போன வருடத்துக் கதை நாக்குக்கு வந்தால், வாதம் எப்போதோ குளத்தை விட்டு வெளிக்கிட்டுவிட்டது.

5. சரி, கோவம் தலைக்கேறின அந்த நேரம் என்னதான் செய்யிறது?

முதலில் நாடியைப் பிடியுங்கள். மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குங்கள். 25க்கு மேல் எண்ணினால் நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டது. தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பல ஆண்டுகள் ஆய்வுகூடத்தில் அவதானித்த ஜோன் கொட்மன், அந்த அளவுக்கு மேல் போனவருக்கு எதிராளி சொல்வது ஒழுங்காகக் காதில் ஏறாது என்கிறார். அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல நியாயம் சொன்னாலும் வீண். (வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த நேரம் நாடி எப்படியும் கூடத்தான் இருக்கும்; அதைக் கணக்கில் எடுங்கள்.)

பிறகு மூச்சு. மூக்கால் நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். பத்துத் தரம். இரண்டு நிமிடம்கூட ஆகாது. விடும் மூச்சு நீளமாக இருந்தால்தான் இதயத்துடிப்பு இறங்கும். "நல்லா மூச்சு எடு" என்று பலர் நெஞ்சு நிறைய இழுத்து இழுத்துத் தலைச்சுற்று வந்து நிற்பார்கள். அது பிழையான முறை.

இறங்காவிட்டால் இடத்தை விட்டுப் போங்கள், குறைந்தது 20 நிமிடம். போகும்போது திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும்: "இப்ப கதைச்சால் பிழையாக் கதைச்சுப்போடுவன். வாய்க்காலடிக்குப் போட்டு ஏழு மணிக்கு வாறன், வந்து கதைப்பம்." சொல்லாமல் போனால் வீட்டில் இருப்பவருக்கு அது விட்டுவிட்டுப் போவதாகத் தெரியும்; காணாமல் போனவர்கள் இருக்கிற குடும்பங்களில் அந்தப் பயம் சும்மா வருவதில்லை. போன இடத்தில் அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று ஒத்திகை பார்த்தால் நாடி இறங்காது. கைக்கு வேலை கொடுங்கள்: கிடுகு பின்னுங்கள், மண்வெட்டிக்குப் பிடி போடுங்கள், பாத்திக்குத் தண்ணி கட்டுங்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வராவிட்டால், அடுத்த முறை இந்த வழி வேலை செய்யாது.

6. கத்தித் தீர்த்தால் மனம் ஆறும் எண்டு சொல்லினமே?

ஆறாது. 3இல் சொன்ன புஷ்மன் 2002இல் இதையும் பார்த்தார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையில் குத்தியவர்கள், சும்மா இருந்தவர்களைவிடக் கூடுதலான கோபத்தோடும் மூர்க்கத்தோடும் நடந்தார்கள். கத்திய பிறகு வரும் அமைதி பெரும்பாலும் களைப்பு.

7. நாலு பேருக்கு முன்னாலை ஏசிப்போட்டான். அதையும் பொறுக்கச் சொல்லுறியளோ?

பொறுத்து விழுங்கச் சொல்லவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் முன்னால் தீர்க்கப் போகாதீர்கள். ஆட்கள் நிற்கும் வரை இருவரும் கூட்டத்துக்காகத்தான் கதைப்பீர்கள். ஒரு வசனத்தை முன்கூட்டியே பாடமாக்கி வைத்திருங்கள்: "அண்ணை, இதுக்கு என்னட்டை மறுமொழி இருக்கு. நாளைக்குக் காலமை வீட்டை வாறன், கதைப்பம்." குரல் தாழ்ந்திருக்க வேண்டும். அடுத்த நாள் போகவும் வேண்டும்; போகாவிட்டால் ஊர் அதைப் பயம் என்று எடுக்கும், நீங்களும் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருப்பீர்கள்.

இதன் மறுபக்கத்தை யாரும் கேட்பதில்லை. மற்றவரைத் திருத்த வேண்டி வரும்போது நீங்களும் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். மனிசியைப் பிள்ளைகள் முன்னாலும், கூலிக்கு வந்தவரை மற்றக் கூலியாட்கள் முன்னாலும் திருத்தினால் சொன்ன விசயம் காதில் ஏறாது.

8. பக்கத்துக் காணிக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளிப்போட்டான். இதுக்கும் ஈகோ, பயம் எண்டால் நாங்கள் காணியை விட்டிட்டு இருக்கிறதோ?

காணியை விடச் சொல்லவில்லை. இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்கப்படுகிறது, அதனால் பதிலும் நீளம். மீளக்குடியேறியபோது கதியால் இல்லை, எல்லைக்கல் இல்லை, பலரிடம் உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லை. ஞாபகத்தை வைத்துத்தான் வேலி போட்டார்கள். இரண்டு பேருடைய ஞாபகம் ஒரு முழம் வித்தியாசப்படுவது களவு என்று சொல்லிவிட முடியாது. தெரிந்தே தள்ளியவர்களும் இருக்கிறார்கள். எது எதென்று கோபத்தால் அளக்க முடியாது.

ஒரு கொப்பித்தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் "காணி", வலப்பக்கம் "நான்" என்று எழுதுங்கள். அளக்கக்கூடியது எல்லாம் இடப்பக்கம்: எந்தப் பக்க வேலி, எத்தனை அடி, எப்போது போட்டது, என்ன ஆவணம் இருக்கிறது. வலப்பக்கம் மற்றது: "கேக்காமல் போட்டான்", "நான் இல்லாத நேரம் பாத்துப் போட்டான்", "ஆம்பிளை இல்லாத வீடு எண்டுதானே செய்தவன்".

இடப்பக்கத்துக்கு வழி இருக்கிறது. குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. பத்திரம் தொலைந்தாலும் பிரதேச செயலகக் காணிக் கிளையில் பதிவைத் தேடிப்பார்க்கக் கேட்கலாம். கிராம சேவையாளரிடம் சொல்லுங்கள், நில அளவையாளரைக் கொண்டு அளப்பியுங்கள், தீராவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரையும் ஓர் இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். "இவன்தான் பிழை" என்று சொல்லிக் கேட்கப் போகிறவர் அங்கே ஏமாறுவார். வலப்பக்கத்துக் கதையைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்கு ஓடுவதுதான் வழக்கமான பிழை. வசவுக்கு வழக்குப் போடலாம், அதனால் வேலி அசையாது.

வலப்பக்கத்தில் எழுதிய ஒவ்வொன்றையும் பார்த்து "அப்படியெண்டால் என்ன நடக்கும்?" என்று மூன்று தரம் கேளுங்கள். கேட்காமல் போட்டான். அப்படியென்றால்? என்னை ஒரு ஆளாக நினைக்கவில்லை. அப்படியென்றால்? அடுத்த வருசமும் தள்ளுவான், என்னால் தடுக்க முடியாது. அப்படியென்றால்? பிள்ளையளுக்கு ஒண்டும் மிச்சமில்லாமல், திரும்பவும் ஒரு தறப்பாளோடை நிக்க வேண்டி வரும். ஒரு முழத்துக்கு ஏன் கை நடுங்கியது என்பது இங்கே வந்து சேரும்போது தெரியும். அவ்வளவு தூரம் போய்த் திரும்பியவர், அயலவரிடம் "களவாணி" என்று தொடங்காமல் "தம்பி, ஒருக்கால் எல்லாத்தையும் இழந்த ஆக்கள் நாங்கள். வேலி அசைஞ்சால் எனக்கு நித்திரை வராது. ரெண்டு பேருமா அளப்பிப்பமோ?" என்று கேட்க முடிகிறது. எதிரில் இருப்பவரும் பெரும்பாலும் அதே தறப்பாளின் கீழ் இருந்தவர்தான்.

9. சண்டை முடிஞ்சு இவ்வளவு வருசம். இன்னும் ஒரு கதவு அடிச்சாலும் கோவம் கோவமா வருது. இதுவும் ஈகோவோ?

இது பெரும்பாலும் வேறு. மாதக்கணக்கில் ஷெல் சத்தத்தைக் கேட்டுப் பதுங்கு குழிக்குள் ஓடிய உடம்பு, அப்போது உயிரைக் காத்த பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது ஏளனமாகச் சொல்லப்படுவது. உண்மையில் அது அரண்ட மூளையின் வேலை செய்யும் முறை. சட்டென்று வெடிக்கும் எரிச்சல், திடுக்கிடுதல், நித்திரையின்மை, கெட்ட கனவு, சில இடங்களைத் தவிர்த்தல் எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் மனவடு நோயாக இருக்கலாம். மருத்துவரால் குறைக்கக்கூடியது அது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலச் சிகிச்சை உண்டு. தேசிய மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். கசிப்பு ஒரு இரவுக்கு நித்திரை தரும். கலைந்து போகும்போது எரிச்சலைக் கூட்டிவிட்டுப் போகும்.

10. என்ரை மனிசன் அடிக்கிறார். அவருக்குள்ளை பயம் எண்டு நினைச்சு நான் பொறுக்கோணுமோ?

இல்லை. காரணம் தெரிவதால் குற்றம் கரைவதில்லை. அவர் பொலிசுக்காரருக்கோ சம்பளம் தருபவருக்கோ அடிப்பதில்லை; எங்கே அடித்தால் திருப்பி வராது என்று பார்த்துத்தான் அடிக்கிறார். ஆகவே அவரால் அடக்க முடியும். 5இல் சொன்னது அவர் செய்ய வேண்டியது. அதை அவருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு உங்களுடையதல்ல.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929, உடனடி ஆபத்துக்கு 119. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், கொஞ்சக் காசு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான வீட்டில் வையுங்கள்.

11. எங்கடை கோவம் நியாயமானது. அதையும் ஈகோ எண்டு சொல்லி அமத்தப் பாக்கிறியளோ?

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதே காலத்தில் முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்கள் படையினர் வசமிருந்த தங்கள் காணிக்காக வீதியோரம் இருந்தார்கள். அவர்கள் கேட்டது பிள்ளை எங்கே, காணி எப்போது என்ற பதிலை. அதை அமத்தச் சொல்பவர் எவரானாலும் அவருக்குக் காது கொடுக்காதீர்கள்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. நியாயமான கோபத்துக்கு ஒரு கோரிக்கை இருக்கும். அது கிடைத்தால் கோபம் தணியும். படத்துக்காக வரும் கோபத்துக்குக் கோரிக்கை இல்லை. எதிராளி குனிய வேண்டும், குனிந்த பிறகும் போதாது. நியாயமான கோபம் காரணமானவரை நோக்கியே நிற்கும். திசை மாறி வீட்டில் இருக்கும் பிள்ளையில் விழுந்தால், விழுந்த அந்தத் துண்டை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். ஒரே ஆளுக்குள் இரண்டும் இருக்கலாம், பெரும்பாலும் இருக்கும்.

12. மன்னிப்புக் கேட்டால் தலையிலை ஏறி இருப்பினம். எப்பிடிக் கேக்கிறது?

விசயத்தையும் கதைத்த முறையையும் பிரியுங்கள். "வேலி விசயத்திலை நான் சொன்னதிலைதான் நிக்கிறன். ஆனால் உங்கடை அம்மாவை இழுத்துக் கதைச்சது பிழை. இனி அப்பிடிக் கதைக்க மாட்டன்." என்ன செய்தேன், அது பிழை, இனி என்ன செய்வேன், இவ்வளவுதான். முடித்த பிறகு "நீங்களும்தானே..." என்று தொடங்கினால் கேட்ட மன்னிப்பு அந்த இடத்திலேயே செத்துப்போகும். பதிலுக்கு அவரும் கேட்பார் என்று காத்து நிற்க வேண்டாம். இந்த முறையில் கேட்டவர் உரிமையில் ஓர் அங்குலமும் விடவில்லை. அதனால் ஏறி இருக்க அங்கே இடமில்லை.

13. பெடியனும் என்னை மாதிரியே கத்துறான். இனி என்ன செய்யிறது?

அவன் கத்துவதைப் பார்த்த அளவுக்கு, சமாதானமாவதைப் பார்க்கவில்லை. பெரியவர்கள் அவன் முன்னால் சண்டை பிடித்துவிட்டு அறைக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். 12இல் சொன்னதை அவன் முன்னாலேயே செய்யுங்கள். அவனிடமும் ஒருக்கால் கேளுங்கள்.

14. எல்லாம் செய்து பாத்தன், ரெண்டு நாளிலை பழையபடி. எவ்வளவு காலம் எடுக்கும்?

காலக்கணக்குக்கு முன்னால், எப்போது வருகிறது என்று பாருங்கள். நாலு கிழமைக்கு ஒரு கொப்பியில் ஒவ்வொரு கோபத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன நாள், நேரம், ஆரோடு, நாடி எவ்வளவு, அடியில் கிடந்த பயம் (8இல் சொன்ன மூன்று கேள்வி), அன்று எத்தனை மணித்தியாலம் நித்திரை, சாப்பிட்டதா. வெடித்துவிட்ட கோபத்தையும் எழுதுங்கள், வெடிக்காமல் போனதையும் எழுதுங்கள். பிந்தியதைத்தான் பலர் எழுத மறந்துவிட்டு "ஒண்டும் மாறேல்லை" என்கிறார்கள்.

கொப்பியைப் புரட்டினால் ஏதோவொரு நாள் திரும்பத் திரும்பத் தடித்துத் தெரியும். பல வீடுகளில் அது நுண்கடன்காரர் தவணைக்கு வரும் நாளின் முதல் நாள் இரவு. காசு போதாது என்று புருசனும் பெண்சாதியும் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. கறியில் உப்பைப் பற்றிச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அப்படித் தெரிந்தால் அந்த நாளுக்கு இரண்டு நாள் முந்தி, பிள்ளைகள் படுத்த பிறகு, கடன் அட்டையை இருவருக்கும் நடுவில் வைத்து எவ்வளவு குறைகிறது, ஆரிடம் கேட்கலாம், கேட்காமல் எதை விற்கலாம் என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள்.